நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு மூச்சு

மணிவேலின் நுரையீரல் நாற்பத்திரண்டு பேருக்குச் சொந்தமாக இருந்தது. அந்த நாற்பத்திரண்டில் மணிவேலும் ஒருவர் என்பது மட்டும்தான் அவருக்கு இருந்த சலுகை.

ஹவுரா மைதானத்தில் மெட்ரோவை விட்டு இறங்கி, டோட்டோ எனப்படும் பேட்டரி வண்டியில் கால் மணி நேரம் குலுங்கினால் மணிவேல் வேலை பார்த்த ஃபவுண்டரி வரும். சாலையில் சாக்கடைக் குழிகளை மூடுகிற இரும்பு மூடிகளை அங்கே வார்த்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். முகம் தெரியாத ஏதோ ஒரு அமெரிக்கர் கால் இடறிக் குழிக்குள் விழுந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மூடியையும் மூன்று முறை சோதித்து அனுப்பினார்கள். மூடியைச் செய்கிறவர்களை வருடத்துக்கு ஒரு முறை சோதித்தால் போதும் என்று ஏற்பாடு.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் பாதுகாப்பு அதிகாரி நவநீத். கோயம்புத்தூர் கணபதியில் பிறந்தவன், வயது இருபத்தொன்பது. தொழிலாளர் பாதுகாப்பில் பட்டயம் வாங்கி, மூன்று வருடத்துக்கு முன்னால் கொல்கத்தா வந்தான். வந்த முதல் நாளே அவன் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். தூசியை உள்ளே விடாத நல்ல மாஸ்க்குகள் நூறு இருந்த கண்ணாடி அலமாரியின் சாவி அது. அமெரிக்கக் கம்பெனியின் ஆட்கள் தணிக்கைக்கு வரும் நாளில் அலமாரியைத் திறந்து ஆளுக்கொரு மாஸ்க் கொடுக்க வேண்டும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணி வாங்கி, துடைத்து, உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தால் மாஸ்க் கெட்டுப்போகும் அல்லவா?

மற்ற நாட்களில் தூசிக்கு மருந்து வெல்லம். ஷிஃப்ட் முடிந்து போகிறபோது ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். தொண்டையில் இறங்குகிற வெல்லம், வழியில் தென்படும் மணலையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது ஹவுராவில் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். வெல்லம் போவது இரைப்பைக்கு, மணல் போவது நுரையீரலுக்கு என்று நவநீத் முதல் மாதத்தில் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். மறுநாளிலிருந்து வெல்லத்தின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பும் அவனிடம் வந்து சேர்ந்தது.

மூச்சு விவகாரமும் அந்த முதல் வருடத்தில்தான் ஆரம்பித்தது. தொழிலாளர்களின் நுரையீரல் அறிக்கை வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. ஒரு சோதனைக்கூடத்திலிருந்து ஊதும் கருவியோடு ஒருவர் வந்தார். கை அளவுக் கருவி. வாயில் குழாயை வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் கடைசிவரை ஊத வேண்டும். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம் என்ற கணக்கு கம்பியில்லாமல் லேப்டாப்புக்குப் போய்விடும். அந்த ஆள் லேப்டாப்போடு மாடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டார். கீழே வந்தால் தூசி, லேப்டாப்புக்கு ஆகாது.

முன்னால் நின்ற பத்துப் பேர் ஊதினார்கள். ஏழு பேர் பாதி ஊதுவதற்குள் இருமி உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் மீனாட்சிசுந்தரம் நவநீத்தை மாடிக்குக் கூப்பிட்டார்.

மீனாட்சிசுந்தரத்தின் தாத்தா மதுரையிலிருந்து பேங்க் வேலைக்காகக் கொல்கத்தா வந்தவர். பேரனுக்கு வங்காளம் நன்றாக வரும், தமிழ் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். லேக் கார்டன்ஸில் இருந்த அவருடைய வீட்டு மாடியில்தான் நவநீத் குடியிருந்தான். ஆக, சம்பளமும் கூரையும் ஒரே கையிலிருந்து வந்தன. அவருடைய மனைவி சாவித்ரி அவ்வப்போது வத்தக்குழம்பும் கொடுத்தனுப்புவார்.

"நவநீத், பொய் எழுதுன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?" என்றார் மீனாட்சிசுந்தரம். "இவங்களுக்கு ஊதற டெக்னிக் தெரியல. அவ்வளவுதான். டெக்னிக் தெரிஞ்ச ஒருத்தனை வெச்சு டெமோ காட்டச் சொல்லு."

டெக்னிக் தெரிந்தவர் மணிவேல். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து கரக்பூர் ரயில்வே பட்டறைக்கு வந்தவர். மணிவேல் பிறந்ததும் வளர்ந்ததும் கரக்பூரில். கட்டிக்கொண்டது ஹவுராவின் வங்காளிப் பெண்ணை. அந்த வீட்டில் கற்றுக்கொண்டது சங்கு ஊத. ஒரு துர்கா பூஜைக்கு, தெருப் பெண்கள் நடத்திய சங்குப் போட்டியில் விளையாட்டாக இவரும் ஊதி, ஒரே மூச்சில் எல்லோரையும் தோற்கடித்து, பிரஷர் குக்கர் பரிசு வாங்கினார். அடுத்த வருடம் அவரை நடுவராகப் போட்டுவிட்டார்கள், பெண்களுக்கும் குக்கர் கிடைக்க வேண்டுமே. ஃபவுண்டரியில், தொழிற்கருவிகளுக்கு நடக்கும் விஸ்வகர்மா பூஜையன்று அவர் சங்கு ஊதினால்தான் பூஜை தொடங்கும்.

மணிவேல் டெமோ காட்டினார். மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. ஆரோக்கியமான நுரையீரலுக்கு நூறு என்பது கணக்கு, இவர் ஊதியது நூற்றுப் பன்னிரண்டு. அந்த டெமோ ரஞ்சன் என்ற தொழிலாளியின் பெயரில் பதிவானது. ரஞ்சனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து நின்றவரும் தனக்கு ஒரு டெமோ கேட்டார். சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு டெமோ முடிந்தது. நடுநடுவே மணிவேலுக்கு ரசகுல்லா ஊட்டினார்கள்.

இதில் மேனேஜரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சோதனையில் தோற்றவன் அன்ஃபிட். அன்ஃபிட் ஆனவனுக்கு மறுநாள் கேட் திறக்காது. அத்தனை பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். எனவே மணிவேலின் மூச்சு அவர்களுக்குச் சோறு. நவநீத்துக்கும் அது புரிந்தது. அதனால்தான் நாற்பத்திரண்டு தாளிலும் 'நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். நேரில் பார்த்தது என்னவோ உண்மைதான். அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு அமெரிக்காவிலிருந்து ஒரு பாராட்டுக் கேடயம் வந்தது. ஹவுராவில் இவ்வளவு சுத்தமான நுரையீரல்களா என்று அவர்கள் வியந்திருக்க வேண்டும். கேடயத்தை மாஸ்க் அலமாரிக்குள் வைத்தார்கள்.

அடுத்த வருடமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த வருடம் மணிவேல் நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஊதினார். பட்டியலின் கடைசியில் இருந்தவர்களுக்கு மூச்சு கொஞ்சம் குறைவாகப் பதிவானது. அவர்கள் முணுமுணுத்தார்கள்.

இந்த வருடம் செப்டம்பரில், விஸ்வகர்மா பூஜைக்கு மூன்று நாள் முன்பு, நவநீத் தன் அறையில் இருந்தபோது இரும்புப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஐந்து படி, நின்றது. நான்கு படி, நின்றது. மொத்தம் பதினேழு படி. காலடி வந்து சேர்வதற்குள் அவன் ஒரு மின்னஞ்சலை எழுதி அனுப்பிவிட்டான். உள்ளே வந்தது மணிவேல். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை மட்டும் 'இருங்க சார்' என்பதுபோல் காட்டினார்.

"உக்காருங்கண்ணா, முதல்ல தண்ணி குடிங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் சார்," என்றார் மணிவேல், மூச்சு வந்ததும். "நெஞ்சுல மணல் படிஞ்சிருக்காம். எக்ஸ்ரேல தெரியுது. இனிமே தூசியில நின்னா ரெண்டு வருஷம் தாண்ட மாட்டேன்னு டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க."

பத்தொன்பது வருடமாக அச்சு உடைக்கிற வேலை அவருக்கு. மணல் அச்சில் ஊற்றிய இரும்பு இறுகியதும், சம்மட்டியால் அச்சை உடைத்து மூடியை வெளியே எடுக்க வேண்டும். உடைக்கிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது, அவ்வளவு தூசி.

"வேலையால வந்த நோய்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். எழுதினா, ஃபேக்டரில தூசியில்லாத வேலை குடுத்தாகணுமாம், வைத்தியமும் பார்க்கணுமாம், சட்டம் இருக்காம். நான் ஒரு மடையன் சார். பெருமையா நம்ம ஃபேக்டரி ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போயிட்டேன். மூணு வருஷமும் நூத்துக்கு நூத்திப் பன்னெண்டு. டாக்டரம்மா அதைப் பார்த்துட்டு, 'இது உங்களோடதா, குதிரையோடதா'ன்னு கேட்டாங்க. 'ஃபேக்டரில இந்த வருஷமாவது ஒழுங்கா ஊதிட்டு வாங்க, அதை வெச்சுத்தான் எழுத முடியும்'னுட்டாங்க."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு ஊத என்கிட்ட என்ன சார் இருக்கு? எனக்கு மட்டும் நான் ஊதணும். அது மட்டும் நிஜமா பதிவாகணும். செஞ்சு குடுப்பீங்களா?"

"பார்த்துக்கலாம்ண்ணா," என்றான் நவநீத். அதிகாரி ஆன மூன்று வருடத்தில் அவன் நன்றாகக் கற்றுக்கொண்ட சொல் அதுதான்.

அன்று மாலை லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலில் மீனாட்சிசுந்தரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மணிவேலால் இந்த வருடம் ஊத முடியாது என்று நவநீத் சொன்னான். அவர் அனுதாபத்தோடு தலையாட்டினார். பிறகு குழாயை மூடிவிட்டு, அவனை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

"நீ தினம் காலையில லேக்கைச் சுத்தி ஓடறே இல்லையா? எத்தனை ரவுண்டு?"

"ரெண்டுங்க சார்."

"பாரு, நான் மூணு வருஷமா வெளியில தேடிண்டிருந்திருக்கேன். வீட்டு மாடியிலேயே இருக்கு."

நவநீத்துக்கு அன்று தூக்கம் வந்தது, அதுதான் வெட்கக்கேடு. ஏனென்றால் எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஒரு வழி கிடைத்துவிட்டதாக நம்பினான். நாற்பத்தொரு பேருக்குத் தான் ஊதுவது. அவர்கள் வேலை பிழைக்கும். மணிவேலுக்கு மணிவேலே ஊதுவது. அவர் உயிர் பிழைக்கும். மேனேஜருக்கு அறிக்கை, அமெரிக்காவுக்கு நிம்மதி, தனக்கு வத்தக்குழம்பு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பூஜைக்கு முந்தின நாள் சோதனை. ஃபவுண்டரியைக் கழுவி, உலையை அணைத்து, வாசலில் விஸ்வகர்மா சிலையை இறக்கியிருந்தார்கள். பூஜையன்று விடும் பட்டங்கள் ஒரு நாள் முன்னதாகவே கூரைகளுக்கு மேலே பறக்க ஆரம்பித்திருந்தன. சோதனைக்கூடத்திலிருந்து இந்த முறை அனன்யா என்ற இளம்பெண் வந்தாள். மரபுப்படி அவளையும் லேப்டாப்பையும் மாடியில் ஏ.சி.யில் உட்கார வைத்தார்கள். லூச்சி என்கிற வங்காளப் பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் போயின.

கீழே நவநீத் ஊதினான். ரஞ்சன் பெயருக்கு ஒன்று. தமிழரசன் பெயருக்கு ஒன்று. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொரு முறையும் பரவசமாகப் பார்த்தார்கள். "சார் காத்து கோயம்புத்தூர்க் காத்து" என்று தமிழரசன் மெச்சினான். பதினொன்று முடிவதற்குள் நவநீத்துக்குத் தலை சுற்றியது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. நாற்பத்திரண்டை ஒரே நாளில் ஊதிவிட்டு, சாயங்காலம் சம்மட்டியையும் தூக்கிய மனிதரை அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். மணிவேல் ஒரு மூடியின் மேல் உட்கார்ந்திருந்தார். இழுக்கிற மூச்சு தோளில் தெரிந்தது.

பன்னிரண்டாவது பெயர் அவருடையது. குழாயை வாங்கினார், கண்ணை மூடினார், ஊதினார். பாதியில் இருமல் வந்து ஆளையே மடக்கியது.

மாடியிலிருந்து அனன்யா இறங்கி வந்துவிட்டாள், கையில் லேப்டாப்போடும் அச்சடித்த தாள்களோடும். "இவர் சரியா ஊதலை," என்றாள் இந்தியில். "போன வருஷம் நூத்திப் பன்னெண்டு, இப்ப நாற்பத்தொண்ணு. இப்படி ஒரு வருஷத்துல விழாது. மெஷினே 'முயற்சி போதாது'ன்னு காட்டுது. மறுபடியும் ஊதச் சொல்லுங்க."

மறுபடியும் ஊதினார். நாற்பது. மூன்றாவது முறை முப்பத்தெட்டு. மூன்று முறையும் முயற்சி போதாது என்றே கருவி சொன்னது. பத்தொன்பது வருடம் சம்மட்டி அடித்தவரைப் பார்த்து, கை அளவு பிளாஸ்டிக் டப்பா சொன்னது.

மீனாட்சிசுந்தரம் படிக்கட்டின் நடுவில் வந்து நின்றார். அதற்குமேல் இறங்கினால் சட்டையில் தூசி படும்.

"ஆள் நடிக்கிறான்," என்று அனன்யாவிடம் வங்காளத்தில் சொன்னார். நவநீத்தைப் பார்த்துத் தமிழிலும் ஒரு முறை சொன்னார். மணிவேலுக்கு இரண்டு மொழியும் புரியும். "லைட் ட்யூட்டி வேணும், அதுக்குத்தான் இந்த நாடகம். 'சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிடுங்க. சேஃப்டி ஆபீசர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்."

அனன்யா எழுதினாள். தாளை நவநீத்திடம் நீட்டினாள். அந்தத் தாள் போனால் ஆஸ்பத்திரியில் எதுவும் எழுத மாட்டார்கள்; பூஜை முடிந்த மறுநாள் மணிவேல் மறுபடி தூசியில் நிற்பார். டாக்டரம்மா சொன்ன இரண்டு வருடமும் தாராளக் கணக்காகிவிடும்.

மணிவேல் கோபப்படவில்லை. இருமல் அடங்கியதும் சன்னமாகக் கேட்டார்:

"நான் நடிச்சது போன மூணு வருஷம் சார். இன்னிக்குத்தான் நடிக்கலை. அது உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். உலகத்திலேயே அதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நவநீத். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயும் வீடு, வேலை, வத்தக்குழம்பு எல்லாம் வரிசையாக வந்து போயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் திறந்தான்.

பிறகு அனன்யாவின் கையிலிருந்த மற்ற தாள்களைக் கேட்டு வாங்கினான். ரஞ்சன் பெயரிட்ட தாளில், பெயரை அடித்துவிட்டு, 'இது என் மூச்சு – நவநீத், பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த தாளிலும் அதையே எழுதினான். பதினொரு தாளிலும் எழுதினான்.

"முதல் வருஷத்துத் தாள்கள் மாஸ்க் அலமாரியில இருக்கு," என்றான் அனன்யாவிடம். "எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. நாற்பத்திரண்டு கோடும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கும். எல்லாம் இவர் ஊதினது. நான்தான் பார்த்து உறுதி செஞ்சேன்."

சாவியைக் கொடுத்தான். அனன்யா போய்ப் பார்த்தாள், மாஸ்க்குகளையும் சேர்த்துத்தான் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் மூக்கைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

"நவநீத்," என்றார் மீனாட்சிசுந்தரம் படியிலிருந்து. அந்த ஒரு சொல்லில் வேலையும் மாடி வீடும் போய்விட்டது தெரிந்தது.

ஆனால் முதலில் கத்தியது அவர் இல்லை, ரஞ்சன். "என்ன சார் இது? அப்ப நாங்க? எங்களை வெளியே தள்ளிடுவாங்க! மணிவேலண்ணா, உன் ஒருத்தனுக்காக நாங்க நாற்பது பேரும் தெருவுக்குப் போகணுமா?"

நவநீத் 'பார்த்துக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, நிறுத்திக்கொண்டான். மணிவேல்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இந்தியில், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாகப் பேசினார்.

"ஒருத்தன் தோத்தா அவனை வீட்டுக்கு அனுப்புவான். ஏழு பேர் தோத்தா ஏழு பேரை அனுப்புவான். நாற்பத்திரண்டு பேரும் தோத்தா யாரை அனுப்புவான்? இந்த மாசக் கப்பலுக்கு யார் மூடி வார்ப்பா? அவரா?" படிக்கட்டைக் கையால் காட்டினார். "மூணு வருஷம் நான் ஊதினேன், நீங்கள்லாம் பாஸானீங்க. அதனாலதான் மாஸ்க் அலமாரியிலேயே இருந்துச்சு. நான் உங்களுக்கு நல்லது பண்றேன்னு நெனச்சுட்டு உங்க கழுத்தை அறுத்திருக்கேன்டா ரஞ்சன். தமிழரசா, உனக்கு ராத்திரி இருமல் வருதா இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

தமிழரசன் தரையைப் பார்த்தான்.

மீனாட்சிசுந்தரம் யாருக்கோ போன் போட்டபடி மாடிக்கு ஏறினார். அனன்யா லேப்டாப்பை அங்கேயே, மூடிகளின் அடுக்கின் மேல், தூசியில் வைத்தாள். புதுக் குழாய் ஒன்றை உறை பிரித்து மாட்டினாள். பட்டியலை முதலிலிருந்து தொடங்கினாள்.

"ரஞ்சன்."

ரஞ்சன் வந்தான். மூன்று வருடத்தில் மூன்று முறை பாஸானவனுக்குக் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழக்கம் விடவில்லை, மெதுவாக அதை மணிவேல் பக்கம் நீட்டினான்.

மணிவேல் வாங்கவில்லை. அவன் கையோடு சேர்த்துக் குழாயைப் பிடித்து அவன் வாயில் வைத்தார். "உதட்டை இறுக்கமா வை. சங்கு ஊதற மாதிரி கன்னத்தை உப்பாதே. உள்ள இழு, இன்னும் இழு. இப்ப விடு. நிறுத்தாதே, கடைசிவரைக்கும் போ."

ரஞ்சன் ஊதினான். நெற்றி நரம்பு புடைக்க ஊதினான். திரையில் கோடு சரசரவென்று ஏறி, பாதி உயரத்தில் தயங்கி, சரிந்தது. அறுபத்து மூன்று. அவனுக்கு வயது முப்பத்திரண்டு. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவரும் சிரிக்கவில்லை. கருவி இந்த முறை முயற்சி போதாது என்று சொல்லவில்லை.

அந்தத் தாள் அச்சாகி வந்ததும் அனன்யா அதை மணிவேலின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் நாற்பத்தொன்று, இன்னொன்றில் அறுபத்து மூன்று. மூன்று வருடத்தில் முதல் முறையாக, அந்த ஃபவுண்டரியில் ஆளுக்கொரு நுரையீரல் இருப்பது தெரியவந்தது.